குமரி மாவட்டத்திலிருந்து லடாக்குக்கு பைக்கில்: முதல்முறை போகிறவர்களுக்கு

லடாக் போவதென்று முடிவானதும் பெரும்பாலானோர் செய்கிற முதல் காரியம் சாடில் பேக் வாங்குவது. அடுத்தது கூடுதல் எல்.இ.டி. விளக்கு, ஹேண்டில்பாரில் மொபைல் ஹோல்டர், அதற்கொரு சார்ஜர். இப்படி இருபதாயிரம் கரைந்த பிறகு, கிளம்ப நான்கு நாள் இருக்கும்போதுதான் இன்சூரன்ஸ் காலாவதியான விஷயம் தெரியவரும். வரிசையே தலைகீழ். முதலில் தேதி, அடுத்து காகிதம், பிறகு வண்டி, பை எல்லாம் கடைசி. இந்தக் கட்டுரையும் அதே வரிசையில்தான் போகிறது.

பாதையைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44 ஏறத்தாழ 3,700 கி.மீ. அங்கிருந்து சோஜி லா கணவாய், கார்கில் வழியாக லே இன்னும் 420 கி.மீ. திரும்பும்போது மணாலி வழியாக இறங்கி, சண்டிகரிலோ டெல்லியிலோ வண்டியை ரயிலில் ஏற்றிவிடலாம். மொத்தம் 5,500 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 சிசி வண்டியே போதும். பராமரிக்காத 350 சிசியைவிட நன்றாகப் பார்த்துக்கொண்ட 150 சிசி மேல்.

1. தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

சோஜி லாவும் மணாலி–லே சாலையும் பனிக்காலத்தில் மூடிவிடும். மணாலி பக்கம் பொதுவாக மே மாதத்தில்தான் திறக்கும். அக்டோபர் பாதிக்கு மேல் எந்த நேரமும் பனி விழலாம். ஆகவே மே முடிவிலிருந்து செப்டம்பர் முடிவு வரைதான் காலம். அதற்குள்ளும் எல்லா மாதமும் நமக்கு ஒத்துவராது.

பள்ளி விடுமுறையை வைத்து மே மாதம் கிளம்புகிறவர்கள் அதிகம். நாக்பூர், ஜான்சி, குவாலியர் பக்கம் அப்போது 45 டிகிரி வெயில். ஹெல்மெட்டுக்குள் அனல் வீசும், காலை பதினொன்றுக்கு மேல் ஓட்டவே முடியாது. ஜூலையில் போனால் மத்தியப் பிரதேசம் முழுக்க மழை, ஜம்மு–ஸ்ரீநகர் சாலையில் அமர்நாத் யாத்திரைக் கட்டுப்பாடு, ராம்பன் பக்கம் மண்சரிவு. மிச்சம் இருப்பது செப்டம்பர். வடக்கே மழை விலகத் தொடங்கியிருக்கும், மலைப்பாதை இன்னும் திறந்திருக்கும். ஊர் திரும்பும்போது நம் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் தொடங்கியிருக்காது.

செப்டம்பரில் முதல் சனிக்கிழமை கிளம்புங்கள். சனிக்கிழமை என்பதற்குக் காரணம் உண்டு. சனியன்று கிளம்பினால் இரண்டாம் நாள் ஞாயிறு பெங்களூரு வரும். கீழே சொல்லும் திட்டப்படி போனால் அடுத்த ஞாயிறு காலை டெல்லி வரும். இந்த இரண்டு ஊரையும் வேலை நாளில் பைக்கில் கடப்பது 200 கி.மீ. நெடுஞ்சாலை ஓட்டத்தைவிட அலுப்பு. விநாயகர் சதுர்த்தி எந்தத் தேதியில் வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிலை கரைக்கும் நாளில் ஹைதராபாத்தில் மாட்டினால் அன்றைய ஓட்டம் அவ்வளவுதான்.

விடுப்பு: போக 14 நாள், லேயில் 4 நாள், மணாலி வழியாக இறங்க 4 நாள், ரயிலில் 3 நாள். இதோடு சும்மா மூன்று நாள் கூடுதலாக வைத்திருங்கள். சாலை மூடுவதும் வயிறு கெடுவதும் இதில் அடங்கும். 28 நாள் கிடைக்காதவர்கள் வண்டியை ரயிலில் டெல்லிக்கு அனுப்பிவிட்டு அங்கிருந்து ஓட்டுவது நல்லது. நாளுக்கு 700 கி.மீ. என்று கணக்குப் போட்டு விடுப்பைச் சுருக்காதீர்கள்.

2. காகிதங்கள்: ஒரு மாதம் முன்பே

உரிமம், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று. இந்த நான்கும்தான் எந்த மாநிலத்திலும் கேட்பார்கள். டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ இருந்தால் சட்டப்படி செல்லும். ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் செயலி திறக்காது. நான்கையும் அச்சிட்டு, லேமினேட் செய்யாமல், பிளாஸ்டிக் உறையில் இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, உங்கள் வண்டி டி.என். 74, டி.என். 75 எதுவானாலும் வெளிமாநிலம் போக ஆர்.டி.ஓ. ஆபீசில் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டியதில்லை. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் ஓட்டினால்தான் அந்தப் பேச்சு. 'தமிழ்நாட்டு வண்டிக்கு என்.ஓ.சி. வேணும்' என்று வழியில் யாராவது மிரட்டினால் பொறுமையாக ஆர்.சி.யைக் காட்டி, ஊர் சுற்ற வந்திருக்கிறோம் என்று சொன்னால் போதும்.

இன்சூரன்ஸில்தான் கண்ணி அதிகம். 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய இருசக்கர வண்டிகளுக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். பாலிசியில் ஐந்து ஆண்டு என்று இருப்பதைப் பார்த்து எல்லாம் உயிரோடு இருப்பதாக நினைத்துவிடுகிறோம். சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஒரே ஆண்டுக்குத்தான் இருக்கும். மூன்றாம் ஆண்டில் நீங்கள் விழுந்தால் எதிராளிக்குப் பணம் கிடைக்கும், உங்கள் வண்டிக்குக் கிடைக்காது. அந்தப் பகுதி முடிந்து 90 நாள் கடந்திருந்தால், இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் போய்விடும்.

இரண்டாவது கண்ணி நம் மாவட்டத்தில் சர்வ சாதாரணம். வண்டி வளைகுடாவில் இருக்கும் அண்ணன் பேரில், ஓட்டுவது தம்பி. ஓட்டுகிறவருக்கு உரிமம் இருந்தால் வண்டிக் காப்பீடு செல்லும். ஆனால் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு இருக்கிறதே, அது ஆர்.சி.யில் பேர் உள்ள உரிமையாளருக்கு மட்டும்தான். தம்பிக்கு ஒன்றும் வராது. ஓட்டுகிறவர் தன் பேரில் தனியாக ஒரு தனிநபர் விபத்து பாலிசி எடுக்க வேண்டும். உரிமையாளர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம், அவருடைய அடையாள அட்டை நகல் இரண்டும் கையில் இருக்கட்டும். வழியில் போலீசாருக்கு மட்டுமல்ல, திரும்பும்போது ரயில்வே பார்சல் ஆபீசிலும் இந்தக் கடிதம் தேவைப்படும்.

உரிமம் இன்னும் சில மாதத்தில் முடிகிறது என்றால் இப்போதே புதுப்பியுங்கள். முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். நாற்பது வயது தாண்டியவர்களுக்கு மருத்துவச் சான்றும் வேண்டும். கியர் வண்டிக்கான அனுமதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கூட்டருக்கு மட்டும் எடுத்த உரிமத்தோடு புல்லட் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

புகைச் சான்று புது வண்டிக்கு முதல் ஓராண்டு தேவையில்லை. அதன் பிறகு பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிகளுக்கு ஆண்டுக்கொரு முறை. சின்னச் செலவுதான். ஆனால் இல்லாவிட்டால் சட்டப்படி அபராதம் பத்தாயிரம் ரூபாய் வரை போகும். டெல்லிப் பக்கம் இதில் கண்டிப்பு அதிகம். பதினைந்து ஆண்டு கடந்த பழைய வண்டியோடு டெல்லிக்குள் நுழையவே வேண்டாம். அங்கே விதியும் தீர்ப்பும் அடிக்கடி மாறுகின்றன.

லடாக்கில் நுப்ரா பள்ளத்தாக்கு, பாங்காங் ஏரி போக இந்தியருக்கு இருந்த உள் எல்லை அனுமதி 2021 ஆகஸ்டில் எடுக்கப்பட்டது. அதனால் ஒன்றுமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. சுற்றுச்சூழல் கட்டணத்தை லே நிர்வாகத்தின் இணையதளத்தில் கட்டி ரசீதை நாலைந்து நகல் எடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் ஒரு நகல் கேட்பார்கள். இன்னொன்று: டெல்லியிலோ மணாலியிலோ வாடகைக்கு எடுத்த வண்டியை லடாக்குக்குள் சுற்ற அங்குள்ள வாடகை வண்டிக்காரர்கள் விடமாட்டார்கள். சொந்த வண்டி என்றால் பிரச்சினை இல்லை.

கடைசியாக சிம். வெளிமாநில பிரீபெய்டு எண் ஜம்மு–காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேலை செய்யும். லக்கன்பூர் எல்லையைத் தாண்டியதும் போன் செத்துவிட்டது, ஜி-பே இல்லை, ஓ.டி.பி. வரவில்லை என்று தவிப்பவர்கள் எல்லாரும் இதைக் கோட்டைவிட்டவர்கள். இரண்டு வாரம் முன்பே ஒரு எண்ணை போஸ்ட்பெய்டாக மாற்றுங்கள். வங்கிக் கணக்கோடு இணைந்த எண்ணாக அது இருக்க வேண்டும்.

3. வண்டியைத் தயார் செய்தல்: மூன்று வாரம் முன்பு

சர்வீஸ் முடிந்த மறுநாளே கிளம்பாதீர்கள். சர்வீஸில் நட்டு சரியாக முறுக்காமல் விட்டது, கேபிள் தப்பாக மாட்டியது எல்லாம் அடுத்த 300 கி.மீ.க்குள்தான் தெரியும். அது நாங்குநேரியில் தெரிவதைவிட வீட்டுப் பக்கத்தில் தெரிவது நல்லது.

டயர்: பின் டயர் பத்தாயிரம் கி.மீ. ஓடியிருந்தால் மாற்றிவிடுங்கள். பார்வைக்கு நன்றாக இருந்தாலும், 5,500 கி.மீ. பாரத்தோடு ஓடி முடிக்கும்போது, அதுவும் கல் பாதையில், வழவழப்பாகியிருக்கும். புது டயர் முதல் 200 கி.மீ. வரை வழுக்கும், அதையும் ஊரிலேயே ஓட்டித் தீருங்கள். ஸ்போக் வீல் என்றால் பெரும்பாலும் டியூப்தான். முன்னுக்கொன்று பின்னுக்கொன்று டியூப் கையில் வேண்டும்.

செயின்: செயினும் ஸ்ப்ராக்கெட்டும் இருபதாயிரத்தை நெருங்கியிருந்தால் முழு செட்டாக மாற்றுங்கள். செயினை மட்டும் மாற்றினால் தேய்ந்த பல் புதுச் செயினைத் தின்றுவிடும். ஓட்டத்தில் 500 கி.மீ.க்கு ஒரு முறை எண்ணெய் வேண்டும். அன்றைய ஓட்டம் முடிந்து லாட்ஜில் நிறுத்தியதும், செயின் சூடாக இருக்கும்போதே விடுங்கள். சூட்டில் எண்ணெய் உள்ளே இறங்கும், ராத்திரி முழுக்க ஊறும். காலையில் கிளம்பும் அவசரத்தில் விட்டால் பாதி டயரிலும் மட்கார்டிலும் தெறித்துப் போகும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைக்கலாம், பெட்ரோல் கூடாது. ஓ-ரிங் செயினில் உள்ள ரப்பரை அது கெடுத்துவிடும். செயின் தொய்வை நீங்களும் பையும் ஏறிய நிலையில் ஒரு முறை பாருங்கள். ஸ்டாண்டில் சரியாக இருக்கும் செயின் பாரம் ஏறினதும் விண்ணென்று இறுகி நிற்கும். அது பேரிங்குக்குக் கேடு.

கிளட்ச் கேபிள்: புதுக் கேபிளை வாங்கிப் பையில் வைக்காதீர்கள். பழைய கேபிளின் பாதையிலேயே, டேங்குக்கு அடியில், அதன் பக்கத்தில் இன்னொன்றாக ஓட்டி இரண்டு முனையையும் டேப் சுற்றி விடச் சொல்லுங்கள். வழியில் அறுந்தால் டேங்கைக் கழற்ற வேண்டியதில்லை. முனையை மட்டும் மாற்றி மாட்டினால் பத்து நிமிட வேலை.

இவை தவிர பிரேக் பேடு பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் புதுசு, முன்பக்கக் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) ஆட்டம், வீல் பேரிங், ஸ்போக் இறுக்கம், பேட்டரி வயது, ஏர் ஃபில்டர். எஞ்சின் ஆயிலைக் கிளம்பும் முன் மாற்றி, வண்டியின் கையேட்டில் 5,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்லியிருந்தால் லூதியானாவில் இன்னொரு முறை. உங்கள் கிரேடு ஆயில் ஒரு லிட்டர் கூடவே இருக்கட்டும், அந்த ஊரில் அதே கிரேடு கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கார்புரேட்டர் வண்டி உயரத்தில் மூச்சு வாங்கும், இழுவை குறையும். ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டிக்கு அந்தத் தொல்லை குறைவு.

எல்.இ.டி. விளக்கு வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம். இரவில் ஓட்டாமல் இருந்தால் அதற்குத் தேவையே இல்லை. கண்ணைக் கூசவைக்கும் விளக்குக்குப் பல மாநிலத்தில் அபராதம் வேறு.

4. சோதனை ஓட்டம்

முழுப் பாரத்தையும் ஏற்றி ஒரு ஞாயிறு இப்படிச் சுற்றுங்கள்: நாகர்கோவில், திருநெல்வேலி, தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர், திருவனந்தபுரம், திரும்ப நாகர்கோவில். சுமார் 340 கி.மீ. நாலுவழிச் சாலை, மலை வளைவு, கேரளத்து நெரிசல், களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே ஊர்கிற பயணம் எல்லாம் ஒரே நாளில் கிடைக்கும். இந்த ஒரு சுற்றில் முதுகு வலித்தால் சீட்டை மாற்றுங்கள், மணிக்கட்டு வலித்தால் ஹேண்டில்பாரைச் சரிசெய்யுங்கள்.

இதில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதிதான் முக்கியப் பரீட்சை. காற்றாலை நிற்கிற இடம் என்றாலே காற்று எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. செப்டம்பரிலும் மேற்குக் காற்று இடப்பக்கமிருந்து தள்ளும். லாரியை ஒட்டிப் போகும்போது அது காற்றை மறைக்கும். அதைத் தாண்டிய நொடியில் காற்று ஒரே அடியாக அடித்து வண்டியை அடுத்த தடத்துக்குத் தள்ளிவிடும். லாரியைத் தாண்டும்போதே இரண்டு கையையும் தளர்த்தாமல் சற்று இடப்பக்கம் சாய்ந்து தயாராக இருங்கள். பை சரியாகக் கட்டவில்லை என்றால் இங்கேயே ஒரு பக்கம் சரியும். சரியட்டும், அதற்குத்தானே இந்த ஓட்டம்.

5. சாமான்

மொத்தம் 20 கிலோவுக்குள். கனமான பொருள் எல்லாம் உங்கள் முதுகை ஒட்டி, கீழே. கனத்தைக் கேரியரின் பின்முனையில் வைத்தால் பின்சக்கர அச்சுக்குப் பின்னால் எடை போய், முன்சக்கரம் லேசாகிவிடும். எண்பதில் ஹேண்டில் ஆடத் தொடங்குவது அதனால்தான். கட்டுவதற்குக் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு வேண்டாம், கொக்கி விரிந்து சக்கரத்தில் சுற்றும். பஞ்சர் கடையில் பழைய லாரி டியூப்பைப் பட்டையாக வெட்டி வாங்குங்கள். இழுத்துக் கட்டினால் அசையாது.

கருவிப் பெட்டியில்: உங்கள் வண்டியின் இரண்டு அச்சு நட்டுக்கும் பொருந்தும் ஸ்பேனர், 8 முதல் 17 வரை ஸ்பேனர், ஆலன் கீ, பிளக் ஸ்பேனர், பஞ்சர் கிட், காற்றடிக்கும் பம்ப், பிளக் ஒன்று, ஃபியூஸ், ஹெட்லைட் பல்பு, கிளட்ச் லீவர், பிரேக் லீவர், செயின் லாக், எம்-சீல், இன்சுலேஷன் டேப், கட்டுக்கம்பி, ஒரு கைப்பிடி கேபிள் டை. அச்சு நட்டுக்கான ஸ்பேனரைத்தான் எல்லாரும் மறப்பார்கள். அது இல்லாமல் பஞ்சர் கிட் வெறும் பாரம்.

குளிர் உடுப்பை நாகர்கோவிலில் தேடி அலையாதீர்கள். நமக்குக் குளிர் என்றால் மார்கழிக் காலை, அதற்கேற்ற சரக்குதான் இங்கே கிடைக்கும். லூதியானா கம்பளி, பின்னலாடைக்குப் பேர் போன ஊர், நெடுஞ்சாலையிலேயே வருகிறது. தெர்மல், கம்பளிக் கையுறை, சாக்ஸ் எல்லாம் அங்கே வாங்கினால் விலையும் குறைவு, மூவாயிரம் கி.மீ. சுமக்கவும் வேண்டாம். ரெயின்கோட் மட்டும் இங்கிருந்தே, மேல்சட்டையும் கால்சட்டையும் தனித்தனியாக உள்ளது. ஹெல்மெட் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, முழு முகமும் மூடுவது. ஏத்தங்காய் சிப்ஸ் ஒரு பொட்டலம் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், மழையில் தாபா கிடைக்காத இடத்தில் பசி தாங்கும்.

6. நாள் கணக்கு

சமவெளியில் நாளுக்கு 400 முதல் 480, மலையில் 200 முதல் 270. காலை ஐந்துக்குக் கிளம்பி மாலை ஐந்துக்குள் நிறுத்துங்கள். இருட்டிய பிறகு மத்தியப் பிரதேசத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் நாலுவழிச் சாலையின் நடுவே மாடு படுத்திருக்கும், டிராக்டர் விளக்கில்லாமல் எதிரே வரும்.

சனி: சேலம், 480. காவல்கிணறு வந்து நெடுஞ்சாலை 44-ஐப் பிடித்தால் நேர்சாலை. மதுரையை ரிங் ரோட்டில் கடந்துவிடுங்கள்.

ஞாயிறு: அனந்தபூர், சுமார் 415. ஓசூருக்குப் பிறகு பெங்களூருக்குள் போக விருப்பமில்லை என்றால் அத்திப்பள்ளி, சர்ஜாபூர், ஹொசகோட்டே, தேவனஹள்ளி என்று பழைய சாலையில் சுற்றி மீண்டும் 44-ஐப் பிடிக்கலாம். ஞாயிறு என்பதால் ஊருக்குள் போனாலும் மோசமில்லை.

திங்கள்: ஹைதராபாத் தாண்டி மேட்சல், சுமார் 390. வெளிவட்டச் சாலையில் பைக்குக்கு அனுமதி இல்லை. கூகுள் மேப் அதற்குள் இழுத்துவிடும், வாகன வகையை 'பைக்' என்று மாற்றி வையுங்கள். மதியம் இரண்டுக்குள் நகரைக் கடந்தால் தப்பித்தீர்கள்.

செவ்வாய்: நாக்பூர், 470. புதன் அங்கேயே ஓய்வு. துணி துவைப்பது, செயின், நட்டுகளை ஒரு சுற்று இறுக்குவது. கண்ணாடி, நம்பர் பிளேட், சைலன்சர் நட்டுகள்தான் முதலில் தளரும்.

வியாழன் சாகர், சுமார் 400. சிவனிக்கு முன்னால் பெஞ்ச் காட்டுப்பகுதி வரும், விலங்குகள் கீழே கடக்க மேம்பாலம் போட்டிருக்கிறார்கள். வண்டியை நிறுத்த வேண்டாம். வெள்ளி குவாலியர், 300. சனி ஆக்ரா வழியாகப் பல்வல், 260. யமுனா எக்ஸ்பிரஸ்வே பக்கம் திரும்பினால் பைக்குக்கும் கட்டணம் உண்டு. நெடுஞ்சாலை 44-இல் இருசக்கர வண்டிக்குச் சுங்கம் கிடையாது, சாவடியில் இடது ஓரமாகத் தனித் தடம் இருக்கும்.

ஞாயிறு காலை ஐந்துக்குப் பல்வலில் கிளம்பி, எட்டுக்குள் டெல்லியைத் தாண்டி அம்பாலா, 260. திங்கள் ஜம்மு, 390, வழியில் லூதியானா. செவ்வாய் ஸ்ரீநகர், சுமார் 260. கிளம்பும் முன் போக்குவரத்துப் போலீசாரின் அன்றைய அறிவிப்பைப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் விடுகிற நாளும் உண்டு. 9.2 கி.மீ. நீளமுள்ள செனானி–நாஷ்ரி சுரங்கத்தில் நுழையும்போது கூலிங் கிளாஸைக் கழற்றிவிடுங்கள். புதன் ஓய்வு. வியாழன் கார்கில், 200. சோஜி லாவில் எந்தப் பக்க வண்டியை எப்போது விடுவார்கள் என்று முந்தின நாளே விசாரித்து, சோனமார்க்கில் சீக்கிரம் நில்லுங்கள். கணவாயில் சேறும் தண்ணீரும்தான் ஆபத்து, பள்ளம் இல்லை. முதல் கியரில், கிளட்சைப் பிடிக்காமல், காலை ஊன்றாமல் மெல்லப் போனால் கடந்துவிடும். வெள்ளி லே, 220.

7. உயரம்

ஸ்ரீநகர் 1,585 மீட்டர், கார்கில் சுமார் 2,680, லே 3,500. இப்படிப் படிப்படியாக ஏறுவதால் உடம்பு பழகிக்கொள்ளும். மணாலி வழியாகப் போய்ச் சேருகிறவர்கள் இரண்டாம் நாளே 4,000 மீட்டருக்கு மேல், அந்தச் சாலையில் உள்ள சர்ச்சுவில் படுத்து, ராத்திரி முழுக்க தலைவலியும் வாந்தியுமாகக் கிடப்பதற்கு இதுதான் காரணம். கடல்மட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு ஸ்ரீநகர் வழிதான் சரி.

லேயில் முதல் இரண்டு நாள் வண்டியைத் தொடாதீர்கள். மது, சிகரெட் கூடாது. தண்ணீர் நிறைய குடியுங்கள். உயரத்தால் வரும் உபாதைக்கான டயமாக்ஸ் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தலைவலி குறையாமல் மூச்சுத் திணறலோ தள்ளாட்டமோ சேர்ந்தால் மாத்திரையை நம்பிக் காத்திருக்காதீர்கள். மருத்துவமனைக்குப் போய்விட்டு, உயரம் குறைந்த இடத்துக்கு இறங்குவது ஒன்றே வழி.

8. பெட்ரோல்

மணாலி பாதையில் லேக்குப் பக்கத்தில் உள்ள காரு பங்க்கை விட்டால் மணாலிப் பக்கம் உள்ள தண்டி வரை 365 கி.மீ. பங்க் இருப்பதாக நம்பிப் போகக் கூடாது. உங்கள் வண்டி சமவெளியில் லிட்டருக்கு 35 கொடுத்தால் இங்கே 30 என்று கணக்கிடுங்கள். 12 லிட்டருக்கு மேல் ஆகிறது. 13 லிட்டர் டேங்க் என்றால் கரணம் தப்பினால் மரணம். ஐந்து லிட்டர் கேனில் கூடுதலாக எடுங்கள், தண்ணீர் பாட்டிலில் அல்ல. இந்தக் கேனை லேயில் வாங்கினால் போதும், ஊரிலிருந்து சுமக்க வேண்டாம்.

தண்டி வந்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. 2020-இல் திறந்த அடல் சுரங்கம் வழியாக மணாலி இறங்க ரோதாங் அனுமதிச் சீட்டும் தேவையில்லை.

9. செலவு

லே போய்ச் சேர்வது வரை ஒரு ஆளுக்கு, லிட்டருக்கு 35 கி.மீ. வண்டியில், சுற்றலையும் சேர்த்து 4,500 கி.மீ. என்று வைத்தால் பெட்ரோல் 129 லிட்டர். லிட்டர் 105 ரூபாய் என்றால் 13,500. தங்க 13 இரவு, இரவுக்கு 1,200 வீதம் 15,600. சாப்பாடு 14 நாள், நாளுக்கு 600 வீதம் 8,400. ஆயிலும் சில்லறை வேலையும் 2,500. ஆக 40,000. இரண்டு பேர் ஒரே அறையில் தங்கினால் ஏழாயிரம் வரை மிச்சம். லேயில் சுற்றுவது, திரும்பும் செலவு, டயர்–செயின் இதெல்லாம் தனி. எதற்கும் தொடாத பத்தாயிரம் வங்கியில், ஐயாயிரம் ரொக்கமாக உள்பையில். கார்கிலுக்கு அப்பால் யு.பி.ஐ.யை நம்பிப் பயனில்லை. தெலங்கானாவிலும் மத்தியப் பிரதேசத்திலும் பெட்ரோல் நம்மூரைவிட விலை அதிகம், உத்தரப்பிரதேசத்திலும் டெல்லியிலும் குறைவு. டேங்கை அதற்கேற்ப நிரப்புங்கள்.

10. வண்டியை ரயிலில் ஊருக்கு அனுப்புதல்

நமக்கு மூன்று வழி. கட்ராவிலிருந்து கன்னியாகுமரி வரும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ், வாரம் ஒன்று. டெல்லியின் ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்திலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸ், வாரம் இரண்டு. சண்டிகரிலிருந்து திருவனந்தபுரம் வடக்கு, அதாவது பழைய கொச்சுவேளி, வரும் கேரள சம்பர்க் கிராந்தி. மணாலி வழியாக இறங்குகிறவர்களுக்குக் கடைசி இரண்டும் தோது. ரயில் புறப்படும் நிலையத்திலேயே ஏற்றுங்கள். இடையில் இரண்டு மூன்று நிமிடம் நிற்கும் நிலையத்தில் பைக்கை ஏற்ற நேரம் இருக்காது.

உங்கள் பயணச் சீட்டோடு அதே ரயிலில் ஏற்றினால் 'லக்கேஜ்', சீட்டில்லாமல் அனுப்பினால் 'பார்சல்'. லக்கேஜுக்குக் கட்டணம் கூடும், ஆனால் உங்களோடு சேர்ந்தே வர வாய்ப்பு அதிகம். பார்சல் என்றால் இடம் கிடைக்கும் வண்டியில் பின்னால் வரும், சில நேரம் ஒரு வாரம் கழித்து. ஆர்.சி. நகல், அடையாள அட்டை நகல், சீட்டின் நகல், முன்பே சொன்ன ஒப்புதல் கடிதம் இவை வேண்டும். முந்தின நாளே பார்சல் ஆபீசுக்குப் போங்கள்.

டேங்கில் பெட்ரோல் ஒரு சொட்டும் இருக்கக் கூடாது, இருந்தால் அபராதம். அதனால் கடைசி நாள் அளந்து ஊற்றுங்கள். சாக்கும் வைக்கோலும் சுற்றிக் கட்டும் பேக்கிங் கூலி ரசீதில் வராது, வெளியே நிற்பவர்களிடம் பேரம் பேச வேண்டும். கண்ணாடிகளை நீங்களே கழற்றிப் பையில் போடுங்கள். ஹெட்லைட்டுக்கும் டேங்குக்கும் அட்டை வைத்துக் கட்டியிருக்கிறார்களா என்று நின்று பாருங்கள். அட்டையில் பேர், போன் எண், போகும் நிலையம் எழுதி இரண்டு இடத்தில் தொங்கவிடச் சொல்லுங்கள். கட்டுவதற்கு முன்னும் பின்னும் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இறங்கியதும் வண்டியை எடுக்கத் தாமதிக்காதீர்கள். இலவசமாக வைத்திருக்கும் சில மணி நேரம் முடிந்தால் மணிக்கணக்கில் காசு ஏறும். சாக்கைப் பிரித்து, லீவர், இண்டிகேட்டர், ஃபோர்க் மூன்றையும் பார்த்துவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். சேதம் இருந்தால் அதே இடத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், வெளியே தள்ளிக்கொண்டு வந்த பிறகு யாரும் காது கொடுக்க மாட்டார்கள். பங்க் வரை தள்ள ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.